பாலர் பள்ளி ஆசிரியை: ஏன் விலகுகிறார்? ஏன் நிலைக்கிறார்?

நாற்றங்காலில் நோஞ்சானாக வளர்ந்த நாற்றுக்கு, நடவு வயலில் எவ்வளவு எருவிட்டாலும் அது தேறுவது கடினம் என்பதை உழவர் பெருமக்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. நாற்றங்காலுக்கு நல்ல இடம் தேர்ந்து, நீரை வைத்தும் வடித்தும், பறவை கொத்தாமல் காத்தும், ஒருவர் நாள்தோறும் அங்கே நிற்கிறார். அவர் பாதியில் விட்டுச் செல்வாராயின், அந்தப் போகத்தின் விளைச்சல் அப்போதே குறைந்துவிடுகிறது. களத்தில் நெல்லை அளக்கும் நாளில்தான் அந்தக் குறை நம் கண்ணுக்குப் புலனாகும்.

ஒவ்வொரு கிராமத்திலும் இத்தகைய நாற்றங்கால் ஒன்று உண்டு. அரசு ஏடுகளில் அதற்கு அங்கன்வாடி மையம் என்று பெயர். மக்கள் வாயில் அது இன்றும் பால்வாடி என்றே வழங்குகிறது. அங்கே 2 வயது முதல் 5 வயது வரையுள்ள நம் குழந்தைகளை ஏற்று நிற்கும் ஆசிரியையைப் பற்றிப் பஞ்சாயத்துக் கூட்டங்களில் நாம் பேசுவது அரிது. மையம் பூட்டிக் கிடந்தால் பேசுகிறோம். திறந்திருந்தால் மறந்து விடுகிறோம். அந்த ஆசிரியை ஏன் விலகிச் செல்கிறார், ஏன் நிலைத்து நிற்கிறார், அதில் பஞ்சாயத்துக்கு என்ன பங்கு உண்டு என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முற்றத்தில் தொடங்கிய பள்ளி

அங்கன்வாடி என்னும் சொல்லில் உள்ள ‘அங்கன்’ என்பதற்கு முற்றம் என்பது பொருள். மராட்டிய மாநிலத்தின் கடலோரக் கிராமமாகிய போர்டியில் 1945-ஆம் ஆண்டு தாராபாய் மோடக் அம்மையார் ஒரு கிராமப் பாலர் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வராதபோது, அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றார். 1957-இல் அப்பணி அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. 1962-இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது.

பின்னர் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 இடங்களில் தொடங்கப்பெற்றது. தமிழகத்தில் 1982 ஜூலை 1 முதல் புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கிராமப்புறக் குழந்தைகளுக்குச் சூடான நண்பகல் உணவைக் கொண்டுவந்தது. இன்று இம்மாநிலத்தில் 54,000-க்கும் அதிகமான மையங்கள் உள்ளன. கட்டடமும், அடுப்பும், எடைக் கருவியும் கிராமங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை உயிருள்ள பள்ளியாக ஆக்குபவர் ஆசிரியை ஒருவரே. அவருக்கு உதவியாளர் ஒருவர் துணை நிற்கிறார்.

விலகுதலில் இரு வகை

ஆசிரியை விலகுவது என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். அதில் இரு வகை உண்டு.

முதல் வகை, வேலையையே விட்டுச் செல்லுதல். தனியார் மழலையர் பள்ளிகளில் பணியாற்றும் இளம் பெண்களுக்குச் சம்பளமும் குறைவு. பணிப் பாதுகாப்பும் குறைவு. வேறு வேலை கிடைத்தவுடனோ, திருமணம் ஆனவுடனோ அவர்கள் சென்று விடுவதை நாம் பல ஊர்களிலும் காண்கிறோம். அங்கன்வாடியில் நிலைமை வேறு. அங்கே பணிபுரிபவர் பெரும்பாலும் உள்ளூரில் வாழ்பவர், எளிதில் விடமாட்டார். ஆயினும் ஓய்வு பெறுவோர் உண்டு. மேலான வேலை கிடைத்துச் செல்வோர் உண்டு. அவர்கள் விட்ட இடம் உடனே நிரம்புவதில்லை. 2025-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒரே சமயத்தில் 7,783 பணியிடங்களை நிரப்ப முன்வந்தது. அவற்றில் ஆசிரியைப் பணியிடங்கள் 3,886. குறு மையப் பணியிடங்கள் 305. உதவியாளர் பணியிடங்கள் 3,592. காலியிடங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து விடுகின்றன என்பதற்கு இதுவே சான்று. அத்தகைய இடங்களில் அடுத்த ஊர் ஆசிரியை ‘கூடுதல் பொறுப்பு’ என்ற பெயரில் இரண்டு மையங்களைச் சுமக்கிறார். இரண்டு வயல்களுக்கு ஒருவரே ஒரே நேரத்தில் நீர் பாய்ச்ச இயலுமா என்பதை உழவர்களே கூறட்டும்.

இரண்டாம் வகை இதனினும் நுட்பமானது. ஆசிரியையின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அவரும் நாள்தோறும் வருகிறார். உணவு வழங்கப்படுகிறது, எடை எழுதப்படுகிறது. ஆனால் கதையும், பாட்டும், விளையாட்டும், வண்ணம் தீட்டுதலும் நின்று போய்விட்டன. உடல் நிலைத்திருக்க, உள்ளம் விலகிவிட்டது. இவ்விலகுதலை எந்தப் படிவமும் காட்டாது. எனவே ‘நம் ஊரில் ஆசிரியை 20 ஆண்டுகளாக இருக்கிறார், ஆகவே குறையில்லை’ என்று நாம் அமைதி கொள்ளல் ஆகாது. அவர் எப்படி இருக்கிறார் என்பதையும் வினவ வேண்டும்.

இனி, இவ்விரு வகை விலகுதலுக்கும் உரிய காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. ஊதியம்

1975-இல் இத்திட்டம் தொடங்கியபோது பத்தாம் வகுப்புத் தேறிய ஆசிரியைக்கு மாதம் 150 ரூபாயும், தேறாதவருக்கு 100 ரூபாயும், உதவியாளருக்கு 35 ரூபாயும் மதிப்பூதியமாக வகுக்கப்பட்டன. இது வேலை அன்று, தொண்டு என்னும் கருத்து அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது. 2018 அக்டோபர் முதல் மத்திய அரசின் கணக்கில் ஆசிரியையின் மதிப்பூதியம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளரின் மதிப்பூதியம் 1,500 ரூபாயிலிருந்து 2,250 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன.

தமிழகத்தில் நிலைமை சற்று மேலானது. 2025-இன் அறிவிப்புப்படி, புதிதாகச் சேரும் ஆசிரியைக்கு முதல் 12 மாதங்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதன் பின்னர் 7,700 ரூபாய் முதல் 24,200 ரூபாய் வரை செல்லும் சிறப்புக் காலமுறை ஊதியம். உதவியாளருக்குத் தொடக்கம் 4,100 ரூபாய். ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 7,700 ரூபாயை மாதத்தின் 26 வேலை நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 296 ரூபாய் வருகிறது. 2025-26-ஆம் ஆண்டுக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, குழந்தைகளின் உயிரையும் அறிவையும் பொறுப்பேற்கும் பெண்ணின் முதலாண்டு ஊதியம் இதனினும் குறைவாக அமைந்தது. இதை நாம் நினைவிற் கொள்ளுதல் தகும்.

ஊதியம் உயர்ந்தால் ஆசிரியைகள் நிலைப்பார்களா என்று சிலர் ஐயுறலாம். இதற்கு அமெரிக்க நாட்டில் செய்யப்பெற்ற ஒரு சோதனை விடை தருகிறது. வர்ஜீனியா மாநிலத்தில் 2019-ஆம் ஆண்டு, பாலர் கல்வி ஆசிரியர்களுள் குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதியினருக்கு, அதே இடத்தில் 8 மாதங்கள் தொடர்ந்து பணியாற்றினால் 1,500 டாலர் வரை வழங்கப்படும் என்று அறிவித்தனர். குழந்தைக் காப்பகங்களில் இத்தொகை பெறாத ஆசிரியர்களுள் 100-க்கு 30 பேர் அக்காலத்தில் விலகிச் சென்றனர். தொகை பெற்றவர்களுள் விலகியவர் 100-க்கு 15 பேரே. அதாவது விலகுதல் பாதியாகக் குறைந்தது. ஆனால் பொதுப் பள்ளிகளோடு இணைந்து, ஏற்கெனவே நல்ல சம்பளத்தில் இருந்த ஆசிரியர்களிடம் இத்தொகை மாறுதல் ஒன்றையும் விளைவிக்கவில்லை. வறுமையால் விலகுபவரைப் பணம் நிறுத்தும் என்பதும், வேறு காரணத்தால் விலகுபவரை நிறுத்த வேறு வழி தேட வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும் பாடங்கள்.

2. வேலைப் பளு

அங்கன்வாடியின் பணிகள் ஆறு என்று வகுக்கப்பட்டுள்ளன. அவை துணை உணவு, முன்பருவக் கல்வி, நல்வாழ்வுக் கல்வி, தடுப்பூசி, உடற்பரிசோதனை, நோயுற்றோரை மருத்துவ நிலையத்துக்கு அனுப்புதல் என்பன. 2012-இல் சீர்திருத்தப்பட்ட முறையில் பதிவேடுகள் மட்டும் 11. 2021 மார்ச் முதல் ‘போஷன் டிராக்கர்’ என்னும் கைப்பேசிச் செயலியிலும் விவரங்களைப் பதிய வேண்டியதாயிற்று. கருவுற்ற தாயின் வீட்டுக்குச் செல்லல், சத்துமாவு வழங்கல், எடை எடுத்தல், கணக்கெடுப்பு, தேர்தல் காலத்து வேலை ஆகியவையும் அவர் தலையில் ஏறுகின்றன. இவ்வளவுக்கும் இடையில் பாடம் நடத்த நேரம் எங்கே?

சுமை மிகும்போது மனிதர் இயல்பாகவே எதை முதலில் கைவிடுகின்றனர் என்று சிந்திக்க வேண்டும். உணவு வழங்காவிடில் குழந்தை அழும், ஊரார் கேட்பர். பதிவேடு எழுதாவிடில் மேலதிகாரி கேட்பார். பாட்டுப் பாடாவிடில், கதை சொல்லாவிடில் கேட்பவர் எவரும் இலர். ஆகவே முதலில் விலகுவது கல்வியே. ஆசிரியை சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. கேட்பாரற்ற பணிதான் முதலில் உதிரும் என்பதே உண்மை.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. அது நம் மாநிலத்திலேயே நடைபெற்றது. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரன் முதலியோர் தமிழகத்தின் 320 அங்கன்வாடி மையங்களை ஆய்வுக்கு எடுத்துக் கொண்டனர். அவற்றுள் ஒரு பகுதியில், முன்பருவக் கல்விக்கென்றே அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினர். 18 மாதங்களுக்குப் பின்னர் பார்த்தபோது, அந்த மையங்களில் குழந்தைகள் கல்வி பெறும் நேரம் இரு மடங்காகியிருந்தது. கணிதத்திலும் மொழியிலும் அவர்கள் முன்னேறியிருந்தனர். பழைய ஆசிரியைக்கு நலப்பணிகளில் ஈடுபட நேரம் கிடைத்ததால், ஊட்டக்குறைவும் வளர்ச்சிக் குன்றலும் குறைந்திருந்தன. பழைய ஆசிரியையை எவரும் கண்டிக்கவில்லை, மாற்றவுமில்லை. கூட ஒரு கை கிடைத்தது, அவ்வளவே.

3. இடமும் வசதியும்

தண்ணீருக்காகத் தெருக்குழாய்க்கு நடக்க வேண்டிய மையத்தில், 20 குழந்தைகளுக்குக் கை கழுவப் பழக்குவது எங்ஙனம்? கழிப்பறை இல்லாத கட்டடத்தில் காலை முதல் மாலை வரை ஒரு பெண் இருப்பது எங்ஙனம்? மழைக்கு ஒழுகும் கூரை, வேலியின்றிக் கால்நடை புகும் வாசல், மின்விசிறி ஓடாத ஒற்றை அறை ஆகியவை ஆசிரியையின் ஊக்கத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக அரித்து விடுகின்றன. இவற்றைக் குறித்து அவர் எழுதும் கடிதம் பல மேசைகளைக் கடக்க வேண்டும். பஞ்சாயத்து நினைத்தால் இவற்றுள் பலவற்றைத் தன் எல்லைக்குள்ளேயே தீர்த்து வைக்க இயலும்.

4. மதிப்பு

ஊதியத்துக்கு அடுத்தபடி மனிதரை நிறுத்துவது மதிப்பு. ‘பால்வாடியில் சோறு போடுகிறவர்’ என்று ஊர் அழைக்கும் வரை, அவர் தம்மை ஆசிரியை என்று எப்படி எண்ணுவார்?

இக்குறை கிராமத்தார் மனத்தில் மட்டும் உள்ளது அன்று. 2019 ஜனவரியில் தமிழகத்தின் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. அவற்றுக்கு அரசுப் பள்ளிகளில் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் அதை விரும்பவில்லை. ஆசிரியர் சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது தம் தகுதிக்குக் கீழான இடமாற்றம் என்று பலர் கருதினர். 2022-இல், தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் தேவை இருப்பதாகக் கூறி அவர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். மழலையர் வகுப்புகளுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை அமர்த்த முடிவு செய்யப்பட்டது. பெரிய வகுப்புக்குப் பெரிய ஆசிரியர், சிறிய வகுப்புக்குச் சிறிய ஆசிரியர் என்னும் எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டாகும். கல்லூரி மாணவனுக்கு ஆசிரியர் இல்லாவிடினும் நூலகம் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு ஆசிரியையை விட்டால் வேறு புத்தகம் இல்லை.

சட்டத்தின் பார்வையும் மெல்ல மெல்லவே மாறி வந்துள்ளது. அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அன்று என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று, 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று கூறியது. மதிப்பூதியம் என்று பெயரிட்டாலும், அச்சட்டத்தின் பொருளில் அது ஊதியமே என்பது அத்தீர்ப்பின் சாரம். தொண்டு என்னும் சொல்லால் உழைப்பை மறைத்து வைத்திருந்த திரை ஒன்று இதனால் விலகியது.

5. முன்னேறும் வழி

சேர்ந்த நாளிலும் ஓய்வு பெறும் நாளிலும் ஒரே நிலையில் இருக்கும் பணியில் ஊக்கம் குன்றுதல் இயற்கை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய அங்கன்வாடி ஆசிரியைக்கு 6 மாதச் சான்றிதழ்ப் பயிற்சியையும், அதற்குக் குறைந்த கல்வியுடையவருக்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியையும் பரிந்துரைத்தது. 2022-இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல், 5 ஆண்டு அனுபவம் பெற்ற உதவியாளர்களைக் கொண்டு ஆசிரியைப் பணியிடங்களில் பாதியையும், அவ்வாறே அனுபவம் பெற்ற ஆசிரியைகளைக் கொண்டு மேற்பார்வையாளர் இடங்களில் பாதியையும் நிரப்பலாம் என்று கூறியது. இத்தகைய வழி திறந்திருக்கிறது என்பதை ஆசிரியை அறிந்திருப்பதே அவருக்கு ஒரு பிடிப்பாகும்.

நிலைப்பவர் ஏன் நிலைக்கிறார்?

இவ்வளவு குறைகளுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பெண்கள் பல்லாண்டுகள் மனம் தளராமல் பணியாற்றி வருகின்றனர். அவர்களை நிறுத்தி வைப்பது யாது?

முதலாவது, குழந்தை. சேர்ந்த அன்று தாயின் சேலையை விடாமல் அழுத குழந்தை, ஒரு மாதத்தில் தானே வாசலுக்கு ஓடி வருகிறது. பேசாதிருந்தது பாடுகிறது. இவ்வாறு கண்ணெதிரே பயன் தெரியும் பணிகள் உலகில் மிகச் சிலவே.

இரண்டாவது, ஊர். அதே ஊரில் அல்லது அண்மையில் வாழும் பெண்ணையே ஆசிரியையாக அமர்த்துவது என்னும் விதி இதனால்தான் வகுக்கப்பட்டது. தன் ஊரில், தன் வீட்டுக்கு அருகில், தன் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டு கண்ணியமாகச் செய்யத்தக்க வேலை கிராமப் பெண்ணுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

மூன்றாவது, துணை. மேற்பார்வையாளர் குறை காணும் கண்ணோடு மட்டும் வராமல் வழிகாட்டும் நோக்கோடும் வருகின்ற இடத்தில், உதவியாளரும் ஆசிரியையும் ஒருவரையொருவர் தாங்குகின்ற இடத்தில், பணி இனிதாகிறது.

தாராபாய் மோடக்கின் உடனுழைத்த அனுதாய் வாக் அம்மையார் 1945-இல் போர்டிக்கு வந்தவர். 1992-இல் மறையும் வரை அவர் கிராமக் குழந்தைகளுக்காகவே உழைத்தார். 1985-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இத்தகைய வாழ்க்கையை நாம் போற்றுவோம். ஆனால் அதைக் காட்டி, ‘தொண்டு மனம் இருந்தால் சம்பளம் எதற்கு?’ என்று பிற ஆசிரியைகளைக் கேட்பது நேர்மையாகாது. தியாகம் ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. பிறர் மீது நாம் சுமத்தினால் அதற்குப் பெயர் தியாகம் அன்று. அனுதாய்க்கும் தாராபாய் என்னும் துணை அருகில் இருந்தது என்பதை மறத்தல் கூடாது.

குழந்தை இழப்பது யாது?

பெரியவர்களுக்கு ஓராண்டு என்பது ஒரு போகம் இரண்டு போகம் என்று கழிந்து விடும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மையம் ஓராண்டு ஆசிரியையின்றிக் கிடந்தால், அடுத்த ஆண்டு ஆசிரியை வரக்கூடும். அந்தக் குழந்தைக்கு அந்த வயது திரும்பி வராது. பழகிய முகம் மறைந்து புதிய முகம் வரும் ஒவ்வொரு முறையும், குழந்தை மீண்டும் முதலிலிருந்து நம்பத் தொடங்க வேண்டியிருக்கிறது. வசதியுள்ளோர் இந்நிலையில் தம் பிள்ளையைப் பணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்பி விடுவர். அதிகாலையில் களை பறிக்கவும் செங்கல் சுமக்கவும் செல்லும் தாயின் குழந்தைக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆகவே ஆசிரியை விலகும் இழப்பு எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. இல்லாதவர் தலையிலேயே விழுகிறது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் சேர்த்த பதினோராவது அட்டவணையில், பஞ்சாயத்துகளுக்கு உரியவையாக 29 துறைகள் குறிக்கப்பட்டுள்ளன. பெண்கள், குழந்தைகள் மேம்பாடு அவற்றுள் ஒன்று. ஆசிரியையின் ஊதியத்தை உயர்த்தும் அதிகாரம் பஞ்சாயத்திடம் இல்லை. அது அரசுகளின் கடமை. ஆனால் மேலே கூறிய ஏனைய காரணங்களில் பஞ்சாயத்தின் கைக்கு எட்டுபவை பல. அவற்றுள் சில வருமாறு:

1. கிராம சபையில் மையத்தைப் பொருளாக்குக. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபை நாட்களுள் இரண்டிலேனும் ஆசிரியையைப் பேசச் செய்து, அவர் தேவையைக் கேட்டுத் தீர்மானம் எழுதுதல் வேண்டும்.

2. தண்ணீர், கழிப்பறை, கூரை, மின்சாரம், வேலி ஆகிய ஐந்தையும் ஆண்டுக்கொரு முறை உறுப்பினர்கள் நேரில் சென்று பார்வையிட்டு, பள்ளி தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன்னரே பழுது நீக்க வேண்டும்.

3. காலியிடத்தை முன்கூட்டியே அறிக. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுபவர் யார் என்பது இன்றே தெரிந்த செய்திதான். ஆறு மாதங்களுக்கு முன்னரே குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுதித் தொடர்ந்து நினைவூட்டினால், இடம் நெடுங்காலம் காலியாகக் கிடப்பதைத் தவிர்க்கலாம்.

4. சுமையைப் பகிர்க. எடை எடுக்கும் நாளிலும் தடுப்பூசி நாளிலும் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த இருவர் உடனிருந்தால், ஆசிரியை வகுப்பை விட்டு எழ வேண்டியதில்லை. பஞ்சாயத்தின் சொந்த வேலைகளுக்கு அவரைக் காலை வேளையில் அழைப்பதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும்.

5. பாடத்தைப் பற்றிக் கேளுங்கள். ‘முட்டை கொடுத்தீர்களா?’ என்று கேட்பது போலவே, ‘இன்று என்ன பாட்டு? என்ன கதை?’ என்றும் கேளுங்கள். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டம் தமிழக அங்கன்வாடிகளுக்கென்றே உள்ளது. கேட்பார் இருக்கும் பணி உதிராது என்பதை மறவற்க.

6. மதிப்புக் கொடுக்க. அவரை ஆசிரியை என்றே அழைக்க. குறை இருப்பின் தெருவில் உரத்துப் பேசாமல் தனியே அழைத்துச் சொல்லுக. கட்சியையும் சாதியையும் மையத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்துக. உதவியாளரின் சாதியைக் காரணமாக்கி அவர் சமைத்த உணவை மறுப்பது அறத்துக்கு மாறானது. தீண்டாமையாதலின் சட்டப்படி குற்றமுமாகும். அத்தகைய இழிவு நேரும்போது பஞ்சாயத்து மௌனமாக இருந்தால், விலகிச் செல்பவர் ஒருவராக இருக்கலாம். தலை குனிவது ஊர் முழுவதுமாகும்.

உழவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வேலைக்குப் போகும் அவசரத்தில் குழந்தையை வாசலில் இறக்கி விட்டுச் செல்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. மாதம் ஒரு முறையேனும் உள்ளே சென்று அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். தோட்டத்தில் விளைந்த கீரையோ முருங்கைக்காயோ இருந்தால் கொண்டு செல்லுங்கள். பெற்றோர் வந்து அமரும் மையத்தில் ஆசிரியையின் குரல் தானே உயரும்.

முடிவுரை

ஆசிரியை நிலைப்பதற்கு வேண்டுவன நான்கு: வயிற்றுக்குப் போதிய ஊதியம், கைக்கு அடங்கிய வேலை, நிற்பதற்குத் தகுந்த இடம், தலை நிமிரத் தக்க மதிப்பு. முதலாவதை அரசு தர வேண்டும். அதைக் கேட்டுப் பெறக் குரல் கொடுப்பது நம் கடன். மற்ற மூன்றில் நம் பங்கு பெரிது. பெரிய நிதி வேண்டுமென்பதில்லை. நாற்றங்காலை நாள்தோறும் சென்று பார்க்கும் உழவரின் அக்கறையே போதும்.

அடுத்த கிராம சபை கூடும்போது ஒரே ஒரு கேள்வியை எழுப்புவோம்: ‘நம் ஊர்ப் பாலர் பள்ளியில் ஆசிரியை இருக்கிறாரா? இருந்தால், மனநிறைவோடு இருக்கிறாரா?’ இக்கேள்விக்கு நேர்மையான விடை காணும் ஊரில், ஐந்து வயது நிரம்பி முதல் வகுப்புக்குச் செல்லும் குழந்தை அழுதுகொண்டு செல்லாது, பாடிக்கொண்டு செல்லும். அந்தப் பாட்டை அதற்குக் கற்றுக் கொடுத்தவர் அடுத்த ஆண்டும் அதே வாசலில் நின்று புதிய குழந்தைகளை வரவேற்கும்படி நாம் அனைவரும் முயல்வோமாக.